அத்தை குண்டான கதை

செவ்வாய்க்கிழமை காலையில் மதகடிப்பட்டு வழியாக ஆபீஸ் போகிறவரா நீங்கள்? அப்படியானால் சந்தை நாள் அவஸ்தை தெரிந்திருக்கும். 'மாடு குறுக்கே வந்தது' என்று லேட்டுக்குக் காரணம் எழுதினால் மேனேஜரே நம்பிவிடுவார்.

அன்றும் பஸ் நின்றது. பக்கத்து சீட்டில் எங்கள் செக்‌ஷன் தம்பி. உள்ளூர்க்காரன். பொழுது போக வேண்டுமே, வாயைக் கிளறினேன்.

"ஏம்ப்பா, உங்க ஊர்ல ராஜராஜ சோழன் காலத்துக் கோயில் இருக்கே, உள்ளே போயிருக்கியா?"

"குண்டாங்குழி மகாதேவர் கோயில்தானே சார்? கிரிக்கெட் பந்து விழுந்தா போவேன்."

சிரித்தேன். பயல் விடவில்லை.

"நீங்க கீழூர்ப் பக்கந்தானே சார்? இந்தியாவோட சேரலாமான்னு அங்கதானே ஓட்டெடுப்பு நடந்துச்சு? உங்க தாத்தா என்ன சொன்னாரு?"

என் சிரிப்பு நின்றுபோனது. தாத்தா என்னென்னவோ சொல்ல வந்தார். சுங்கச் சாவடி, பிரெஞ்சு போலீஸ், ராத்திரியில் எல்லை தாண்டியது... "கடைசி ஓவர் தாத்தா, அப்புறம் சொல்லு" என்பேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. தாத்தா போய்விட்டார்.

நான் பி.காம். மேஜை நாற்காலிக்கு வருஷா வருஷம் தேய்மானம் கழிக்கத் தெரியும். மனுஷன் ஞாபகம் அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவதில்லை சார். ஒரே நாளில் மொத்தமும் 'ரைட் ஆஃப்'!

கீழூரில் ஓட்டெடுப்பு நடந்தது 1954 அக்டோபர் 18ம் தேதி. ஓட்டுப் போட்டவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1ம் தேதி நிர்வாகம் கை மாறியது. பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படி எழுதிக் கொடுத்தது 1962 ஆகஸ்ட் 16ல்தான். இதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. அன்றைக்கு நம் வீட்டில் உலை கொதித்ததா, ஆத்தா அழுதாளா, சிரித்தாளா? அது ஏட்டில் இல்லை. அன்று இருபது வயசில் இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது.

அடுத்த ஞாயிறு தம்பியும் நானும் ஒரு பெரியவரைப் பிடித்தோம். "ஐயா, பழைய வரலாறு சொல்லுங்க" என்றேன். "எனக்கு இன்னா தெரியும் தம்பி, நான் படிக்காதவன்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

தம்பி கெட்டிக்காரன். செல்போனைத் தட்டிவிட்டு மெதுவாகக் கேட்டான்: "சாவடியில எதைக் கொண்டு போனா தாத்தா புடிப்பாங்க?"

அவ்வளவுதான், மடை திறந்தது!

"வெளிநாட்டுத் துணி இந்தப் பக்கம் சல்லிசு. எங்க அத்தையை அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். ஒல்லிக்குச்சி. அண்ணன் வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பறப்போ நாலு பொடவைய ஒண்ணு மேல ஒண்ணா சுத்திக்குவா. சாவடிக்காரன் 'பொறந்த வீட்டுச் சோறு நல்லா ஒட்டுது போல'ன்னு விட்டுடுவான்!"

நாற்பது நிமிஷம் பேசினார். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் பத்துப் பேர் என்றார். ஏட்டில் எட்டு. நாங்கள் திருத்தவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் ஏட்டுக் கணக்கையும் குறித்தோம். பாஸ் புக்கையும் கேஷ் புக்கையும் ஒத்துப் பார்க்கிற வேலைதானே, ஆபீஸில் தினமும் செய்கிறோமே! தேதி, ஊர், வயசு எழுதிக்கொண்டோம். அவர் பேரைப் போடலாமா என்று அவரையே கேட்டுக்கொண்டோம்.

பாகூர் குப்புசாமி என்பவர் புதுச்சேரிப் பகுதிக் கல்வெட்டுகளைத் தேடித் தொகுத்தார். கோ. விஜயவேணுகோபால் பதிப்பிக்க, 2006லும் 2010லும் இரண்டு பாகங்களாகப் புத்தகம் வந்தது. ஆயிரம் வருஷம் ஆனாலும் கல்வெட்டு அவருக்காகக் காத்திருந்தது. திண்ணைத் தாத்தா அப்படிக் காத்திருப்பாரா?

ஆகவே வாலிபர்களே, இந்த ஞாயிறு ஒரே ஒரு பெரியவர், ஒரே ஒரு சின்னக் கேள்வி. போதும்.

நானும் அன்று ராத்திரியே அம்மாவைக் கேட்டேன். "அம்மா, தாத்தா சாவடிக் கதை ஏதாவது உனக்கு ஞாபகம் இருக்கா?"

டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா சொன்னாள்: "சீரியல் ஓடுதுடா. அப்புறம் சொல்றேன்."

ரத்தம்டா!