ஒரே ஒரு ஆல்பம்... ஓயாத சர்ச்சை! இத்தனை புகழுக்குத் தகுதியானதா செக்ஸ் பிஸ்டல்ஸ்?

மொத்தமே ஒரே ஒரு ஸ்டூடியோ ஆல்பம். முதல் மேடையிலிருந்து பிரிவு வரை இரண்டு வருடம், இரண்டு மாதம். ஒப்பந்தம் போட்ட மூன்று இசை நிறுவனங்களில் இரண்டு, சில மாதங்களுக்குள் கழற்றிவிட்டன. இப்படி ஒரு 'பயோடேட்டா'வை வைத்துக்கொண்டு ராக் இசை வரலாற்றில் நிரந்தர இடம் பிடித்திருக்கிறது, லண்டனின் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்'. பங்க் ராக் என்றதுமே பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் இதுதான்.

உண்மையிலேயே அவர்களிடம் சரக்கு இருந்ததா, இல்லை எல்லாமே விளம்பரம்தானா? ஐம்பது வருடங்களாக நடக்கும் பஞ்சாயத்து இது.

துணிக்கடையில் தொடங்கிய கதை

லண்டன் கிங்ஸ் ரோட்டில் ஃபேஷன் டிசைனர் விவியன் வெஸ்ட்வுட்டோடு சேர்ந்து துணிக்கடை நடத்தியவர் மால்கம் மெக்லாரன். இவர்தான் பேண்டின் மேனேஜர். பேஸ் கிதார் வாசித்த க்ளென் மேட்லாக், அதே கடையில் வேலை பார்த்தவர். பாடகர் ஜானி ராட்டன் என்கிற ஜான் லைடனைத் தேர்வு செய்ததும் அந்தக் கடைக்கு வந்து போனவர்களிலிருந்துதான். 'கடை வியாபாரத்துக்காக உருவாக்கிய கூட்டம்' என்று விமர்சகர்கள் சொல்வது இதனால்தான்.

ஆனால், கிதாரிஸ்ட் ஸ்டீவ் ஜோன்ஸும் டிரம்மர் பால் குக்கும் மெக்லாரன் வருவதற்கு முன்பே ஒன்றாக இசை பழகிக்கொண்டிருந்த நண்பர்கள். மேனேஜராக இருக்கச் சொல்லி மெக்லாரனை நச்சரித்ததே ஜோன்ஸ்தான்.

முதலில் வந்தவர்கள் இவர்களா?

இல்லை. நியூயார்க்கின் 'ரமோன்ஸ்' 1974-லேயே தொடங்கி, 1976 ஏப்ரலில் முதல் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டார்கள். பிரிட்டனிலும் முதல் பங்க் சிங்கிள் 'தி டேம்ன்ட்' குழுவினுடையது. அதற்கு அடுத்த மாதம், 1976 நவம்பரில்தான் பிஸ்டல்ஸின் முதல் பாடல் வந்தது.

அவர்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது இசையல்ல, டி.வி! 1976 டிசம்பர் 1 மாலை, நேரலையில் தொகுப்பாளர் பில் க்ரண்டி உசுப்பிவிட, ஸ்டீவ் ஜோன்ஸ் சரமாரியாகக் கெட்ட வார்த்தைகளைக் கொட்டினார். மறுநாள் பத்திரிகைகளில் அதுதான் தலைப்புச் செய்தி. திட்டமிட்ட கச்சேரிகளில் பெரும்பாலானவை ரத்தாகின. அடுத்த மாதமே ஈ.எம்.ஐ இசை நிறுவனம் அவர்களைக் கைவிட்டது.

டி-ஷர்ட்டில் ஒருவர், பாட்டில் இன்னொருவர்

இன்றும் டி-ஷர்ட்களில் சிரிக்கும் முகம் சிட் விஷியஸ். 1977-ல் மேட்லாக்குக்குப் பதிலாக வந்தவர். அவருக்கு பேஸ் கிதார் சரியாக வாசிக்கத் தெரியாது. ஆல்பத்தில் அந்தப் பகுதிகளைப் பெரும்பாலும் வாசித்தவர் ஸ்டீவ் ஜோன்ஸ். பெரும்பாலான பாடல்களின் உருவாக்கத்தில் பங்கு பெற்ற மேட்லாக்கை வெளியே பலருக்குத் தெரியாது.

காதலி நான்சியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட சிட், விசாரணை தொடங்கும் முன்பே போதைமருந்தால் இறந்துபோனார். அப்போது வயது 21. இந்த பேண்டின் புகழில் நியாயமே இல்லாத பகுதி இதுதான். ஓர் இளைஞனின் சீரழிவு 'ஸ்டைல்' ஆகிவிட்டது; பாட்டை உருவாக்கியவர் ஓரமாக நிற்கிறார்.

அப்படியென்றால் எல்லாம் வெற்றுச் சத்தமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. 1977-ல் எலிசபெத் மகாராணியின் வெள்ளி விழாவை பிரிட்டன் கொண்டாடியது. வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த இளைஞர்களின் கோபத்தை அதே நேரத்தில் 'காட் சேவ் த குயின்' என்ற பாட்டாக்கியது பிஸ்டல்ஸ். பி.பி.சி தடை செய்தது. அப்படியும் விற்பனைப் பட்டியலில் 2-ம் இடம்!

'வாசிக்கத் தெரியாதவர்கள்' என்ற குற்றச்சாட்டும் ஆல்பத்தைக் கேட்டால் நிற்காது. தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸ், பீட்டில்ஸோடும் பிங்க் ஃப்ளாய்டோடும் பணியாற்றியவர். ஜோன்ஸின் கிதாரை அடுக்கடுக்காகப் பதிவு செய்து சுவர்போல எழுப்பியிருக்கிறார்கள். 1977 அக்டோபரில் வெளியான அந்த ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

அதைவிட முக்கியமானது, பார்த்தவர்களை இவர்கள் என்ன செய்தார்கள் என்பது. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் நடந்த கச்சேரிக்கு வந்தவர்கள் சில டஜன் பேர்தான். அந்தச் சின்னக் கூட்டத்தில் இருந்தவர்கள்தான் பின்னாளில் 'ஜாய் டிவிஷன்' தொடங்கினார்கள். கச்சேரியை ஏற்பாடு செய்த இளைஞர்களின் 'பஸ்காக்ஸ்' குழு, கடன் வாங்கித் தாங்களே இசைத்தட்டு வெளியிட்டது. 'தி க்ளாஷ்' குழுவின் ஜோ ஸ்ட்ரம்மரும் பிஸ்டல்ஸைப் பார்த்த பிறகே தன் பாதையை மாற்றிக்கொண்டவர். 'இவன் செய்தால் நானும் செய்யலாம்' என்ற தைரியத்தை அவர்கள் கொடுத்தார்கள்.

தீர்ப்பு என்ன?

'பங்க்கைக் கண்டுபிடித்தவர்கள்' என்ற பட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. இசையின் வீச்சில் க்ளாஷ் ஒரு படி மேலே. ஆனால், ஒரு தலைமுறையின் கையில் கிதாரைக் கொடுத்தவர்கள் என்ற புகழ், உழைத்துச் சம்பாதித்தது. 1996-ல் மீண்டும் சேர்ந்தபோது, பணத்துக்காகத்தான் என்று சுற்றுப்பயணத்தின் பெயரிலேயே ஒப்புக்கொண்டார்கள். 2006-ல் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் தேடி வந்தபோது, விழாவுக்கு வர முடியாது என்று மறுத்தார்கள்.

ஆல்பம் 40 நிமிடம்கூட இல்லை. ஒரு பஸ் பயணத்தில் கேட்டு முடித்துவிடலாம். ஒன்று மட்டும்... வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஹெட்போன் அவசியம்!