கையெட்டும் தூரம்

கோடை விடுமுறை பிறந்துவிட்டால், பிள்ளைகள் உள்ள இல்லந்தோறும் எழும் வேண்டுகோள் ஒன்று உண்டு: "வாட்டர் பார்க்குக்கு எப்போது போகிறோம்?" வெயில் வாட்டும் நம் நாட்டில் இவ்வாசை இயல்பானதே. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் ஜார்ஜ் மில்லே என்பார் இவ்வகைப் பூங்கா ஒன்றைத் திறந்தார். இன்றோ மேட்டுப்பாளையத்தை அடுத்த மலையடிவாரத்திலும், கொச்சியிலும், சென்னையிலும் இத்தகைய பூங்காக்கள் உள்ளன. பங்குகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் பேருந்துகளில் அங்குச் செல்கின்றனர். செல்லட்டும், விளையாட்டு பிள்ளைகளின் உரிமையன்றோ! ஆயினும் புறப்படுமுன் பெற்றோர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா?

"கொஞ்சம் தெரியும்" என்பதே பலரின் விடை. அந்தக் "கொஞ்சம்" என்னும் சொல்லைக் குறித்தே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

அரைகுறை நீச்சல்

நீந்தவே தெரியாத பிள்ளையின் கையை நாம் விடுவதில்லை. அவனும் நம்மை விட்டு அகல்வதில்லை. அரைகுறையாக நீந்தும் பிள்ளையின் நிலை வேறு. அவன் தன் திறமையை நம்புகிறான், நாமும் நம்பிவிடுகிறோம். அவன் கற்றதெல்லாம் கால் பாவும் ஆழத்தில், அசையாத நீரில், பயிற்சியாளர் அருகில் நிற்கும்போது கற்றதாகும். பூங்காவிலோ அலை அடிக்கிறது, கூட்டம் நெருக்குகிறது, சறுக்குப் பாதையிலிருந்து விழும் வேகத்தில் மூக்கிலும் வாயிலும் நீர் ஏறுகிறது. மேல் எது, கீழ் எது என்று ஒரு கணம் தெரிவதில்லை. குளத்தில் கற்ற பாடம் அந்தக் கணத்தில் மறந்துபோகிறது.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். கிணற்றில் நீச்சல் பழக்குகையில் பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டினர். இடுப்பில் கயிற்றையும் கட்டினர். பிள்ளை ஓரளவு நீந்தத் தொடங்கிய பின்னும், கயிற்றின் மறுமுனை படியில் நின்ற தந்தையின் கையிலோ தாய்மாமனின் கையிலோ இருந்தது. குடுக்கை பிள்ளையை மிதக்க வைத்தது. கயிறோ பெரியவரைப் பிள்ளையோடு பிணைத்தது.

ஓசையற்ற ஆபத்து

மூழ்குகிறவர் கையை ஆட்டுவார், கூச்சலிடுவார் என்று திரைப்படங்கள் நமக்குக் கற்பித்துள்ளன. உண்மை அதுவன்று. நியூயார்க்கில் உயிர்காப்பாளராகப் பணியாற்றிய பிராங்க் பியா, நீரில் தத்தளிப்போரைப் படம்பிடித்து ஆராய்ந்து இதனை விளக்கினார். மூச்சுக்கே திணறுகிறவரால் குரல் எழுப்ப இயலாது. கைகள் தாமாகவே பக்கவாட்டில் நீரை அழுத்தும். உயர்த்தி அசைக்க வராது. உடல் நீரில் நிமிர்ந்து நிற்க, வாய் மட்டும் மூழ்கி மூழ்கி எழும். இந்நிலை 20 முதல் 60 நொடிகளே நீடிக்கும். அருகில் விளையாடுவோர்கூட, பிள்ளை நீரில் ஆடுகிறான் என்றே எண்ணிவிடுவர்.

2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்றும், அவர்களுள் நாலில் ஒரு பங்கினர் 5 வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

பெற்றோர் செய்யத்தக்கவை

முதலாவதாக, நீரில் இறங்கும் பிள்ளைக்கு அருகில், கையை நீட்டினால் தொடும் தூரத்தில், பெரியவர் ஒருவர் இருத்தல் வேண்டும். கரையில் அமர்ந்து பார்ப்பது போதாது. பத்துப்பேர் சேர்ந்து செல்லும்போதே ஆபத்து மிகுகிறது. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணிவிடுகின்றனர். எனவே முறை வைத்துக்கொள்வது நலம். "இனி நீங்கள் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லியே பொறுப்பை மாற்றுங்கள். முறை ஏற்றவர் கைப்பேசியைத் தொடாதிருக்கட்டும்.

இரண்டாவதாக, உயிர்காப்புச் சட்டையைக் கேட்டு வாங்கி அணிவியுங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காதுவரை ஏறினால் பிள்ளைக்குப் பெரிது. காற்றடைத்த வளையமும் கைப்பட்டையும் விளையாட்டுப் பொருள்களே. அவற்றை நம்பிப் பிள்ளையை விடலாகாது. ஈரத்தில் கனக்கும் பருத்தி உடையைத் தவிர்த்து, நைலான் உடை அணிவிப்பது நன்று. நீல நிறம் நீரோடு கலந்து மறையும். சிவப்போ ஆரஞ்சோ பளிச்செனத் தெரியும்.

மூன்றாவதாக, அலைக்குளத்தில் முழங்கால் அளவு நீரைத் தாண்ட விடாதீர்கள். அலை எழும்பும் சுவரை நெருங்க நெருங்க ஆழம் கூடும்; அலை வந்தால் இடுப்பளவு நீர் கழுத்தளவாகும். சறுக்குகளில் எழுதியுள்ள உயர வரம்பைப் படித்து, கீழே ஆழம் எவ்வளவு என்று பணியாளரைக் கேளுங்கள். வரிசையில் ஒருவர் உடன் நிற்க, மற்றொருவர் சறுக்கு முடியுமிடத்தில் காத்திருக்கட்டும்.

தவறி ஏதேனும் நேரின், பிள்ளையைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. உடனே உயிர்காப்பாளரை அழையுங்கள். மூச்சில்லையெனில் சமதரையில் மல்லாத்திக் கிடத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுதலும் மார்பை அழுத்துதலும் தொடங்கப்பட வேண்டும். மற்றொருவர் 108-க்குத் தெரிவிக்கட்டும். இம்முதலுதவியை முன்னரே முறையாகக் கற்றிருப்பது ஒவ்வொரு பெற்றோருக்கும் தகும்.

அச்சத்தை ஏளனம் செய்யற்க

சென்ற ஆண்டு எம் பங்கிலிருந்து சென்ற குடும்பங்களுள் ஒன்றில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அலைக்குளத்தின் ஓரத்திலேயே நின்றான். "ஆம்பிளைப் பிள்ளைக்கு என்னடா பயம்?" என்று உறவினர் ஒருவர் சிரித்தார். சிறுவனின் முகம் சிவந்தது. விறுவிறுவென ஆழத்தை நோக்கி நடந்தான். அவன் தாய் ஏதும் பேசவில்லை. தாமும் நீரில் இறங்கி, அவன் கையைப் பிடித்து, "இங்கேயே குதிக்கலாம், வாடா தம்பி" என்றார். முழங்கால் நீரில் இருவரும் நெடுநேரம் குதித்து மகிழ்ந்தனர். அச்சிறுவனுக்கு அன்று எக்குறையும் இருந்ததாக நாம் காணவில்லை.

பிள்ளையின் அச்சம் கோழைத்தனமன்று. தன் வலிமையின் எல்லையை அவன் உள்ளம் அறிந்துள்ளது என்பதன் அடையாளம். ஏளனத்திற்கு அஞ்சி அவ்வெல்லையை மீறும் பிள்ளையே பெரும் ஆபத்தில் அகப்படுகிறான்.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகளுக்கு நீச்சலை முழுமையாகக் கற்பியுங்கள். கற்று முடியும்வரை, அன்று கிணற்றடியில் கயிறு செய்த பணியை இன்று உங்கள் கைகளே செய்யட்டும். பூங்காவில் நீங்கள் கட்டும் நுழைவுக் கட்டணம் ஒரு நாள் மகிழ்ச்சிக்கு உரியது. பிள்ளையைப் பத்திரமாக வீடு சேர்ப்பதோ உங்கள் கண்ணுக்கும் கைக்கும் உரிய கடமை.