சுவருக்கு வந்த நோயும் அதற்கு வரும் வைத்தியரும்

மாரி மழை ஓய்ந்தபின், மூடிக் கிடந்த யன்னல்களைத் திறந்து வீட்டைத் துப்புரவு செய்ய முற்படும் இல்லத்தரசியர் பலர் காணும் காட்சி ஒன்றுண்டு. சுவரோடு ஒட்டிக் கிடந்த அலுமாரியைச் சற்றே நகர்த்தினால், அதன் பின்புறச் சுவரிலே கருமையும் பசுமையும் கலந்த புள்ளிகள் கூட்டங் கூட்டமாகப் படர்ந்திருக்கும். அலுமாரியினுள்ளே மடித்து வைத்த கூறைச் சேலையிலும், மேற்றட்டில் அடுக்கி வைத்த புத்தகங்களிலும் ஒருவகை மக்கல் நாற்றம் வீசும். இதனையே நாம் பூஞ்சணம் என்கிறோம். பாடநூல்கள் இதனைப் பங்கசு என்னும் பெருங்கூட்டத்தில் அடக்கிக் கூறும்.

இதனைக் கண்டதும் பெரும்பாலோர் செய்வது யாது? ஈரத் துணியால் துடைத்துவிட்டு, பொங்கலுக்கோ வருடப் பிறப்புக்கோ வெள்ளையடிக்கும்போது அவ்விடத்தில் ஒரு பூச்சு அதிகமாகப் பூசிவிடுவர். அடுத்த மாரியிலே அதே இடத்தில் அதே புள்ளிகள் மறுபடியும் தோன்றும். வசதியுடையோர் இதற்கென நிபுணரை அழைத்தால் என்ன என்று எண்ணுவர். அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் பூஞ்சணத்தைப் பரிசோதிப்பதும் அகற்றுவதும் தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளன. அந்நாடுகளிற் குடியேறிய நம்மவரும் நிலக்கீழ் அறைகளிலும் குளிர்ந்த சுவர்களிலும் இதே தொல்லையைக் காண்கின்றனர். யாரை அழைப்பது, எதற்காக அழைப்பது, எந்த வேலைக்குப் பணம் கொடுப்பது என்பவற்றை முன்னரே அறிந்திருத்தல் குடும்பத்தின் சுகத்துக்கும் சேமிப்புக்கும் நன்று.

நோய் எது, அறிகுறி எது?

பூஞ்சணம் வித்திகளாற் பரவுவது. கண்ணுக்குப் புலப்படாத இவ்வித்திகள் வீட்டினுள்ளும் வெளியேயும் காற்றில் எப்பொழுதும் மிதந்துகொண்டிருக்கின்றன. எத்துணைத் துப்புரவான வீட்டிலும் அவை இல்லாமற் போவதில்லை. வித்தி முளைத்துப் படர்வதற்கு உணவும், இதமான வெப்பமும், நீரும் வேண்டும். மரம், கடதாசி, துணி, தோல், சுவரிற் படிந்த தூசி ஆகிய யாவும் அதற்கு உணவாகும். நமக்கு இதமான வெப்பமே அதற்கும் இதமானது. ஆகவே இவ்விரண்டையும் நாம் அதற்கு மறுத்தல் இயலாது. மறுக்கக் கூடியது நீர் ஒன்றே.

நனைந்த பொருளை 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் தலையெடுக்காது என அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் கூறுகின்றது. வீட்டினுள்ளே காற்றின் சாரீரப்பதன் 60 வீதத்துக்குக் கீழ் இருத்தல் வேண்டும் என்பதும் அதன் அறிவுரையே. கொழும்பு போன்ற கரையோர நகரங்களில் வெளிக்காற்றின் ஈரப்பதனே ஆண்டின் பெரும்பகுதியில் இவ்வளவைக் கடந்து நிற்கின்றது. ஆதலால் நமது வீடுகளுக்குக் காற்றோட்டமும் வெயிலும் மிக அவசியமாகின்றன.

இவ்வாறு நோக்கின், சுவரிலே தோன்றும் புள்ளி வெறும் அறிகுறியே என்பதும், நோய் நீர் வரும் வழியில் இருக்கின்றது என்பதும் விளங்கும். உடைந்த ஓடு, சருகு அடைத்த பீலி, சுவரினுள்ளே கசியும் குழாய், குளியலறைத் தரையின் வெடிப்பு, அத்திவாரத்தினூடே மேலேறும் நில ஈரம், குளிர் நாடுகளிற் சமையல் ஆவி குளிர்ந்து சுவரிற் படிதல் என அவ்வழிகள் பல. புள்ளியைத் துடைத்து, வழியை விட்டுவிட்டால் செலவு மாத்திரமே மிஞ்சும்.

பூசி மறைத்ததன் விளைவு

இங்கிலாந்தில் மஞ்செஸ்ரர் நகரை அடுத்த றொச்டேல் என்னும் ஊரில், அவாப் இஷாக் என்னும் ஆண் குழந்தை 2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இறந்தது. இரண்டாவது பிறந்த தினம் கழிந்து எட்டு நாட்களே ஆகியிருந்தன. குடும்பம் வாழ்ந்த வாடகை வீட்டிலே பூஞ்சணம் படர்வதை 2017ஆம் ஆண்டிலேயே தந்தையார் வீட்டுக்குரிய நிறுவனத்திடம் முறையிட்டிருந்தார். அதன்மேல் வர்ணம் பூசிவிடுமாறு அவருக்குக் கூறப்பட்டது. நீண்டகாலம் பூஞ்சணத்தின் மத்தியில் வாழ்ந்தமையால் உண்டான கடுமையான சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார். இதன் பயனாக 2023இல் சட்டம் திருத்தப்பட்டது. 2025 ஒக்டோபர் 27 முதல், இங்கிலாந்திற் சமூக வாடகை வீடுகளை நடத்துவோர், ஆபத்தான ஈரமும் பூஞ்சணமும் பற்றிய முறைப்பாட்டை 10 வேலை நாட்களுக்குள் ஆராய்தல் வேண்டும். ஆபத்து உறுதியாயின் மேலும் 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பானதாக்குதல் வேண்டும். உடனடி ஆபத்தாயின் 24 மணித்தியாலமே தவணை. அச்சட்டம் அக்குழந்தையின் பெயராலேயே வழங்குகின்றது.

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு இருமல், இழைப்பு, தொய்வு முதலிய சுவாசத் துன்பங்கள் அதிகம் என உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. குழந்தைகளும், முதியோரும், தொய்வு நோயுடையோரும் உள்ள வீடுகள் ஆதலால் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

எனினும் விழிப்பு வேறு, பீதி வேறு. 1993, 1994ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே கைக்குழந்தைகள் சிலருக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்தது. ஸ்ரக்கிபொற்றிஸ் என்னும் கரும்பூஞ்சணமே காரணமெனக் கருதப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையங்கள் அவ்வாய்வை மீண்டும் பரிசீலித்து, அத்தொடர்பு நிறுவப்படவில்லை என அறிவித்தன. ஆனால் "நச்சுக் கரும்பூஞ்சணம்" என்னும் பெயர் மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது. நிறத்தைக் கொண்டு ஆபத்தை அளத்தல் இயலாது. அப்பெயரைச் சொல்லி அச்சுறுத்திப் பெருந்தொகை கேட்போரிடம் எச்சரிக்கை வேண்டும்.

நாமே செய்யக் கூடியது எவ்வளவு?

பூஞ்சணம் படர்ந்த இடம் ஏறக்குறைய 10 சதுர அடிக்குள், அதாவது மூன்றடி நீளம் மூன்றடி அகலத்துக்குள் இருப்பின், வீட்டாரே அகற்றலாம் என்பது முற்கூறிய முகவரகத்தின் கருத்து. றப்பர் கையுறையும், கண்ணுக்குக் காப்பும், என்-95 முகக்கவசமும் அணிந்து, யன்னலைத் திறந்து வைத்து, சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவி, நன்கு உலர்த்துதல் வேண்டும். உலர்ந்த தும்புத்தடியால் தேய்த்தலாகாது, வித்திகள் அறையெங்கும் பறக்கும். பூஞ்சணம் ஊறிய மெத்தை, கம்பளம், பொச்சுப் பலகை போன்றவற்றை முற்றாகத் துப்புரவாக்குதல் அரிது. அவற்றை அகற்றிவிடுதலே நலம்.

குளோறின் கலந்த வெளிற்றுத் திரவத்தை ஊற்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் எனப் பலர் நம்புகின்றனர். செத்த பூஞ்சணமும் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே கொன்றால் மாத்திரம் போதாது, அகற்றுதல் வேண்டும். அத்திரவத்தை அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தோடு சேர்த்தால் நச்சுவாயு எழும் என்பதையும் மறத்தலாகாது. கல்நார்த் தகட்டிற் பூஞ்சணம் படர்ந்திருப்பின் அதனைச் சுரண்டுதலும் உலரத் தேய்த்தலும் கூடாது. அதிலிருந்து எழும் நார்த்தூசி பூஞ்சணத்திலும் கொடியது.

இடம் இதனிற் பெரிதாயின், மலக்குழாய் நீர் அல்லது வெள்ள நீர் புகுந்திருப்பின், சுவரின் உட்புறத்திலோ காற்றுக் குளிரூட்டியின் குழாய்களிலோ பூஞ்சணம் இருப்பதாக ஐயம் எழுந்தால், அல்லது வீட்டிலே கடும் தொய்வு நோயாளர் இருப்பின், பழகியவரை அழைத்தலே தக்கது.

பரிசோதனை எப்போது வேண்டும்?

வருபவர் முதலிற் கூறுவது பெரும்பாலும், "காற்றை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம்" என்பதாகும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணத்துக்குப் பெரும்பாலும் பரிசோதனை அவசியமில்லை என அமெரிக்க முகவரகமே கூறுகின்றது. எந்த இனமாயினும் நீரைத் தடுத்து அகற்றுவதே பரிகாரமாதலால், அதன் பெயரை அறிவதாற் செய்யும் வேலை மாறுவதில்லை. மேலும், காற்றில் இத்தனை வித்திகளுக்கு மேற்பட்டால் ஆபத்து என்று அமெரிக்க மத்திய அரசாங்கமோ, உலக சுகாதார நிறுவனமோ எல்லை எதனையும் வகுக்கவில்லை. எல்லை இல்லாத இடத்தில் எண்ணிக்கை மாத்திரம் யாதொன்றையும் நிரூபியாது.

நாற்றம் வீசியும் இடம் தெரியாதபோது, அல்லது வழக்கு, காப்புறுதி முதலியவற்றுக்குச் சான்று தேவைப்படும்போது பரிசோதனை பயன்படலாம். அப்போதும் வீட்டினுள் எடுத்த காற்றோடு வெளியே எடுத்த காற்றையும் ஒப்பிடுதல் வேண்டும். வெளிக்காற்றை எடாதவருடைய அறிக்கைக்குப் பெறுமதி குறைவு. நல்ல பரிசோதகர் கையில் முதலில் இருப்பது ஈரமானி. சுவரின் எப்பகுதி நனைந்துள்ளது, நனைவு மேலிருந்து இறங்குகின்றதா, கீழிருந்து ஏறுகின்றதா என்பதை அவர் தேடுவார். கூரையில் ஏறிப் பார்ப்பார். குழாயைத் திறந்து மூடிப் பார்ப்பார்.

பார்ப்பவர் வேறு, அகற்றுபவர் வேறு

விவிலியத்தில் லேவியராகமம் 14ஆம் அதிகாரம், வீட்டுச் சுவரிற் பச்சையும் சிவப்புமாகத் தோன்றும் ஒரு தோஷத்துக்கு விதி கூறுகின்றது. அது பூஞ்சணத்தையே குறிக்கும் என்போர் பலர். வீட்டுக்காரர் குருவிடம் அறிவிப்பார். குரு வந்து பார்க்குமுன் வீடு வெறிதாக்கப்படும். வீட்டை ஏழு நாள் பூட்டி வைத்து மறுபடியும் பார்ப்பார். தோஷம் படர்ந்திருப்பின், பழுதுபட்ட கற்களைப் பெயர்த்து ஊருக்குப் புறம்பே எறிந்து, சுவரைச் சுரண்டி, வேறு கல் வைத்துப் பூசுமாறு பணிப்பார். பின்னும் வந்து பார்ப்பார். அங்கே நோயை நிதானிப்பவர் ஒருவர், கல்லைப் பெயர்ப்பவர் பிறர்.

இதே நெறியை இக்காலச் சட்டமும் கைக்கொண்டுள்ளது. அமெரிக்காவின் ரெக்ஸாஸ் மாநிலத்தில் 2003இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படியும், நியூயோர்க் மாநிலத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படியும், ஒரே வேலையில் பரிசோதகரும் அகற்றுநரும் ஒருவராயிருத்தல் கூடாது. பரிசோதகர் எழுதும் திட்டத்தில் ஈரத்தின் மூலத்தையும் இயன்றவரை குறித்தல் வேண்டும் என நியூயோர்க் சட்டம் விதிக்கின்றது. வேலை முடிந்தபின் பரிசோதகரே மறுபடியும் வந்து பார்ப்பார். காரணம் வெளிப்படை. அகற்றுவதாற் பணம் பெறுபவர், அகற்றவேண்டியது அதிகம் என்று காண்பது மனித இயல்பு. இத்தகைய சட்டம் இல்லாத இடத்திலும் இம்முறையை நாமே கைக்கொள்வதற்குத் தடையில்லை.

அமர்த்துமுன் கேட்க வேண்டியவை

நீர் எவ்வழியாக வருகின்றது? அதனைத் திருத்துபவர் யார்? எந்தப் பகுதியை அகற்றுவீர், எதனைக் கழுவி வைத்திருப்பீர்? அடுத்த அறைக்குத் தூசி போகாதவாறு என்ன செய்வீர்? வேலை முடிந்தது என்பதை எதனைக் கொண்டு தீர்மானிப்பது? மீண்டும் தோன்றினால் உமது பொறுப்பு யாது? இவற்றுக்கு விடையை எழுத்தில் வாங்குதல் வேண்டும். இருவர் அல்லது மூவரிடம் விலை கேட்டு ஒப்பிட்டபின்னரே ஒருவரை அமர்த்துதல் முறை. வீட்டுக்கு வருமுன்னரே தொகை கூறுபவரும், "இன்றே தொடங்காவிடில் உயிராபத்து" என்பவரும், வாசனைப் புகை அடித்தால் தீரும் என்பவரும் தவிர்க்கத் தக்கோர்.

செம்மையான வேலையைக் கண்டறிதல் எளிது. அறையின் வாயிலைத் தடித்த பொலித்தீன் விரிப்பால் மறைப்பர். உட்காற்று வெளியே உறிஞ்சப்படுமாறு விசிறி வைப்பர். 0.3 மைக்ரோன் அளவான துணிக்கைகளில் 99.97 வீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய உறிஞ்சியாற் சுத்தம் செய்வர். பழுதான பலகையை உறையிலிட்டுக் கட்டியே வெளியே கொண்டு செல்வர். சுவர் நன்கு உலர்ந்ததை ஈரமானியாற் காட்டிய பின்னரே வர்ணம் பூசுவர்.

வாடகை வீட்டில் இருப்போர், கண்ட நாளிலேயே படம் பிடித்து, திகதியிட்டு, வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதியொன்றை வைத்திருத்தல் நன்று. வாய்ச்சொல் மறக்கப்படும், கடிதம் மறக்கப்படாது.

நிபுணரை அழைக்கும் தேவையே ஏற்படாதிருக்க வேண்டின், அடுத்த மழைக்கு முன் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். பீலியிற் கிடக்கும் சருகை அள்ளுங்கள். நழுவிய ஓட்டைச் சீராக்குங்கள். வெளிச்சுவரோடு ஒட்டிக் கிடக்கும் அலுமாரியைச் சாணளவு தள்ளி வையுங்கள். நனைந்த துணிகளை அறையினுள்ளே உலரப் போடும் வழக்கத்தை நிறுத்துங்கள். சமைக்கும்போது குசினி யன்னலைத் திறந்து வையுங்கள். மழை தொடங்கியதும் ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்து, நீர் எங்கே சொட்டுகின்றது, எங்கே தேங்குகின்றது என்று பாருங்கள். அந்த நீருக்கு வேறு வழி காட்டிவிட்டால், அவ்வீட்டிலே தவழும் குழந்தை சுகமாக மூச்சு விடும்.