காந்தலுக்குக் காசு

ஹாங்காங்கின் கௌலூன் பக்கம், யாவ் மா டெய் என்ற பழைய பேட்டையில் இருக்கிறது டெம்பிள் தெரு. கடல் தெய்வமான டின் ஹாவின் கோயில் அங்கே இருப்பதால் வந்த பெயர். ஒரு காலத்தில் கடல் அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தூர்த்துத் தூர்த்து நகரம் வளர்ந்ததில், மீனவர்களைக் காக்கும் தாய் இப்போது அடுக்குமாடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள். இருட்டினால் தெருவில் சந்தை கூடும். கைக்கடிகாரம், பொம்மை, கைரேகை ஜோசியம் என்று எல்லாம் கிடைக்கும் அந்தச் சந்தையைப் பற்றிச் சுற்றுலாப் புத்தகங்கள் போதுமான அளவு எழுதிவிட்டன. நமக்கு வேலை அதை ஒட்டியுள்ள மலிவுச் சாப்பாட்டுக் கடைகளில்.

டெம்பிள் தெருவில் ஹிங் கீ, பக்கத்து ஆர்தர் தெருவில் ஃபோர் சீசன்ஸ். பெயரைப் பார்த்து நட்சத்திர ஓட்டல் என்று நினைத்துவிட வேண்டாம். இது மடக்கு நாற்காலியும் வழவழப்பான மேஜையும் போட்ட கடை. இரண்டிலும் மக்கள் வரிசையில் நிற்பது ஒரே பண்டத்துக்காக. மண்சட்டிச் சோறு. கான்டனீஸ் மொழியில் ‘போ ஜாய் ஃபான்’.

அடுப்பு வரிசையாக எரிகிறது. ஒவ்வொரு அடுப்பிலும் கையடக்கமான சட்டி, உள்பக்கம் பழுப்பு மெருகு, வெளியே சொரசொரப்பு. சூட்டில் விரிசல் விடாமலிருக்கச் சட்டியைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூடு பின்னியிருக்கிறார்கள். ஒரே ஆள் இத்தனை சட்டிகளையும் பார்த்துக்கொள்கிறார். கையில் கடிகாரமும் இல்லை, சீட்டும் இல்லை. எந்தச் சட்டியில் கோழி, எதில் விலாஎலும்பு, எது எந்த நேரம் ஏறியது என்பதெல்லாம் அவர் தலைக்குள் ஓடுகிறது.

உட்கார்ந்ததும் சாப்பாடு வந்துவிடாது. பதினைந்து இருபது நிமிடம் ஆகும். கூட்டம் இருந்தால் இன்னும் நீளும். நகரும் படிக்கட்டில்கூட நடந்தே போகிற ஊர் அது. டீக்கடையில் தட்டு காலியாவதற்குள் பில்லை வைத்துவிடுவார்கள். அந்த ஊர்க்காரர்கள் ஒரு சட்டிக்காக வாய் பேசாமல் காத்திருக்கிறார்கள் என்றால், வேறு வழியில்லை என்று அவர்களுக்குத் தெரியும். சோறு அந்தச் சட்டியிலேயே அரிசியாகப் போய் அந்தச் சட்டியிலேயே வேக வேண்டும். முன்கூட்டி வடித்து வைத்து, மேலே கறியைப் போட்டுச் சுடவைத்துக் கொடுக்கிற கடைகளும் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்வது எளிது: ஐந்து நிமிடத்தில் சட்டி வந்துவிடும்.

வேலை இப்படி நடக்கிறது. ஊறவைத்த நீள அரிசியைச் சட்டியில் இட்டு, அளந்த தண்ணீர் ஊற்றிப் பெரிய தீயில் கொதிக்கவிடுகிறார்கள். குவாங்டோங் மாநிலத்தில் ஜெங்செங் என்ற ஊரில் விளையும் மெல்லிய அரிசிக்குப் பழைய பேர் உண்டு. இன்று ஹாங்காங் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் தாய்லாந்து அரிசி. புது அரிசி குழையும், பழைய அரிசி மணக்காது என்பதால் இரண்டையும் கலக்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கி, மேலே நண்டு வளை மாதிரிக் குட்டிக் குட்டிக் குழிகள் தெரிந்ததும் இறைச்சியைப் பரப்பி மூடுகிறார்கள். தீ தணிகிறது. இறைச்சியிலிருந்து வடியும் கொழுப்பும் சாறும் பாதி வெந்த அரிசிக்குள் இறங்குகின்றன. அதுவரை எல்லாம் சாதாரணச் சமையல்தான்.

கடைசிக் கட்டத்தில்தான் அந்த ஆள் தன் சம்பளத்துக்கு உழைக்கிறார். மூடியின் ஓரமாகக் கொஞ்சம் எண்ணெய் விடுகிறார். பிறகு சட்டியைச் சாய்த்து ஒரு பக்கத்தை மட்டும் தீயில் காட்டுகிறார். சில நொடிகள் கழித்துக் கொஞ்சம் திருப்பி அடுத்த பக்கம். இப்படியே சட்டி ஒரு முழுச் சுற்று சுற்றும். அடியில் மட்டுமல்ல, சுவரெல்லாம் சோறு காந்த வேண்டும். ஆனால் கருகக் கூடாது. சோற்றில் தண்ணீர் இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் சிவக்காது. சட்டியை ஒட்டிய பருக்கைகளில் ஈரம் வற்றிய பிறகே சூடு 140, 150 என்று ஏறிச் சோறு பொன்னிறமாகிறது. மண் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறுவதால் இந்த மாற்றம் நிதானமாக நடக்கிறது. அலுமினியத்தில் இதே விளையாட்டை விளையாடினால் ஒரு கண் சிமிட்டலில் கரி. வற்றியது எப்போது என்பதைச் சட்டியின் சத்தம் சொல்லும். கொதிக்கிற தளதளப்பு நின்று, வறுபடுகிற சின்னச் சடசடப்பு கேட்கும். வாசலில் அத்தனை இரைச்சலுக்கு நடுவே அந்த ஆளுக்கு அது எப்படிக் கேட்கிறதோ.

நம் வீடுகளில் சோற்றை வடிக்கிறோம். கஞ்சியோடு மாவுச்சத்தில் ஒரு பங்கு வெளியே போய்விடும். அடி பிடிப்பதற்கு முன்பே பானை அடுப்பை விட்டு இறங்கியும் விடும். பிடித்துவிட்டால் அன்றைக்குச் சமைத்தவருக்கு வசவு. அங்கே நிலைமை நேரெதிர்: காந்தல் சரியாக வரவில்லை என்றால்தான் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஆனால் மண்சட்டி விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்று. புதுச் சட்டியை ஊறப்போட்டு, கஞ்சி காய்ச்சிப் பழக்கிய பிறகே அவர்களும் அடுப்பேற்றுகிறார்கள்.

இது குளிர்காலச் சாப்பாடு. ஜனவரியில் ஹாங்காங்கின் சராசரி வெப்பநிலை 16 டிகிரிதான். வாடைக்காற்று அடிக்கிற இரவில் மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவிக்கே பாதிக் காசு சரியாகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சோற்றின் ராஜா ‘லாப் சியோங்’ என்னும் உலர்ந்த பன்றித் தொத்திறைச்சி. ரோஜா மணமுள்ள மதுவும் சர்க்கரையும் சோயா சாஸும் சேர்த்துப் பிசைந்து, குடலில் அடைத்துக் காயவைக்கிறார்கள். இலையுதிர்கால வறண்ட காற்று வந்ததும் இதன் பருவம் தொடங்கும். ஈரலில் செய்த இன்னொரு வகை கறுப்பாக, கொஞ்சம் கசப்போடு இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். தித்திப்பான சோற்றுக்கு ஒரு கடிவாளம் வேண்டும்.

மற்றவை பட்டியலில் நீளும். கோழியும் காளானும், கறுப்பு சோயா விதையோடு விலாஎலும்பு, விலாங்கு, தவளை. கொத்திய மாட்டிறைச்சியின் மேல் ஒரு பச்சை முட்டையை உடைத்து ஊற்றியும் தருவார்கள். சோற்றின் சூட்டிலேயே அது பாதி வெந்துவிடும். பன்றிக் கொத்துக்கறியின் மேல் கருவாட்டுத் துண்டு வைத்த சட்டி ஒன்று உண்டு. கருவாட்டு வாசனையில் வளர்ந்தவர்கள் அதைத் தைரியமாகக் கேட்கலாம். சைவர்கள் பாடு கஷ்டம்தான். காளான் மட்டும் போட்ட சட்டி கிடைத்தாலும் அதில் ஊற்றுகிற எண்ணெய் பன்றிக் கொழுப்பாக இருக்கலாம், சாஸில் சிப்பிச் சாறு இருக்கலாம். கேட்டுக்கொள்வது நல்லது.

காத்திருக்கும் நேரத்துக்கும் வேலை இருக்கிறது. மேஜைக்கு வருகிற முதல் தேநீர் குடிக்க அல்ல, கிண்ணத்தையும் சாப்ஸ்டிக்கையும் அலச. அப்புறம் எதிரே முன்பின் தெரியாத யாராவது வந்து உட்காருவார். இந்த வகைக் கடைகளில் மேஜையைப் பகிர்வது வழக்கம். பேச வேண்டிய கட்டாயம் இல்லை. பசி தாங்காதவர்கள் முட்டையும் சிப்பியும் சேர்த்து எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த அடையை வாங்கி முன்னதாகவே கொறிக்கிறார்கள்.

சட்டி வந்தபின் அவசரப்படக் கூடாது. மூடியைத் திறந்து, மேஜையில் இருக்கும் தித்திப்பான சோயா சாஸைச் சுற்றிலும் ஊற்றி, மறுபடி மூடி ஒன்றிரண்டு நிமிடம் விட வேண்டும். சாஸ் சுவரோரம் இறங்கிக் காந்தலில் பட்டதும் உள்ளே இன்னொரு முறை சீறும். அதன்பின் கரண்டியால் மேல்சோற்றைக் கிளறிச் சாப்பிட்டுக்கொண்டே வர வேண்டும். அடியைத் தொடக் கூடாது. மேலே இருப்பது தீரத் தீர, சட்டியின் சூட்டில் அடி இன்னும் மொறுமொறுப்பாகிக்கொண்டே இருக்கும். கடைசியில் கரண்டியைக் குப்புறப் பிடித்துச் சுரண்டினால் தகடு தகடாகப் பெயரும். பெயராத இடத்தில் சிலர் சூடான தேநீரையோ சூப்பையோ ஊற்றி ஊறவைத்துச் சாப்பிடுகிறார்கள். அது காந்தலுக்குச் செய்கிற துரோகம் என்பது என் கட்சி.

இந்தச் சாப்பாட்டுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வம்சாவளி சொல்பவர்கள் உண்டு. சீனாவின் பழைய சடங்கு நூலான லீ ஜியில், சோற்றின் மேல் இறைச்சிக் கூழையும் உருக்கிய கொழுப்பையும் ஊற்றுகிற ஒரு பதார்த்தம் வருகிறது. அதுவே இதன் பாட்டன் என்பார்கள். சோறு, இறைச்சி, கொழுப்பு மூன்றும் சேர்ந்ததெல்லாம் பாட்டன் என்றால் நம் பிரியாணியும் பங்காளியாகிவிடும்.

விலை? சாதாரணச் சட்டி 100 ஹாங்காங் டாலருக்குள் முடிந்துவிடும். ஒரு டாலர் சுமார் 11 ரூபாய் என்று கணக்குப் போட்டால் நமக்கு மலிவாகத் தெரியாது. அந்த ஊர் வாடகைக்கு இது மலிவுதான். ஒரு பிடி இறைச்சி, வயிறு நிறையச் சோறு, தனிக் குழம்போ பரிமாற ஆளோ தேவையில்லை. இதனால் கட்டுப்படியாகிறது. பெரிய ஓட்டல்களில் கடல் நத்தையும் வாத்தும் போட்டுப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். மேலே இருப்பது அருமையாக இருக்கலாம், அடியில்தான் ஏமாற்றம். நாளெல்லாம் சட்டி திருப்புகிற கையும் காதும் கூட்டமுள்ள கடையில்தான் பழகும். சாய் யிங் புன்னில் இருக்கும் குவான் கீ போன்ற எளிய கடையை மிஷெலின் கையேடு மலிவுச் சிறப்புக் கடைகளின் பட்டியலில் சேர்த்தது எனக்கு வியப்பாக இல்லை.

தெற்கே சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போனபோது இந்தச் சோறு நிறம் மாறியது. அங்கே கெட்டியான கறுப்பு சோயா சாஸ், கோழி, லாப் சியோங், கருவாடு எல்லாம் சேர்த்து, பழுப்பேறிய சோறாகக் கிளறிச் சாப்பிடுவார்கள். சிங்கப்பூர் சைனாடவுன் உணவு நிலையத்தில் லியன் ஹே பென் ஜி என்ற கடை இன்றும் கரி அடுப்பில்தான் வேகவைக்கிறது. கேஸில் வராத புகை வாசனை அதில் இருக்கிறது. முக்கால் மணிநேரம் காக்கவைப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் முன்கூட்டியே போனில் சொல்லிவைத்துவிட்டுப் போகிறார்கள்.

சீனாவில் இப்போது இதற்கு இயந்திரம் வந்துவிட்டது. அரிசியும் தண்ணீரும் போட்டுப் பொத்தானை அழுத்தினால், சட்டி குறித்த நேரத்தில் தானே வெந்து வெளியே வருகிறது. சங்கிலிக் கடைகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. குறை சொல்ல முடியாத சோறு அது. எல்லாப் பக்கமும் ஒரே சீரான சிவப்பு, எங்கும் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. விலையும் ஏறக்குறைய அதேதான். எனவே கடைக்குள் நுழையும் முன் அடுப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாசலில் ஒரு ஆள் சட்டியைச் சாய்த்துக்கொண்டு நின்றால் வரிசையில் சேர்ந்துகொள்ளலாம்.