ஸ்கேனில் 12/25 என்றால் பாதி நுரையீரல் போய்விட்டதா?

2021 கொரோனா இரண்டாம் அலையில் டிரஸ்டுக்கு உதவி கேட்டு வந்தவர்களில் பலர் சி.டி. ஸ்கேன் கவரோடு வந்தார்கள். "12/25 போட்டிருக்கு, பாதி நுரையீரல் போச்சா?" என்று கேட்டார்கள். இன்றும் காய்ச்சல் காலத்தில் இதே பயம் வருவதால் எழுதுகிறோம்.

வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. ஒவ்வொரு மடலுக்கும் பாதிப்பின் பரப்பைப் பார்த்து 5 வரை மதிப்பெண். ஐந்தையும் கூட்டினால் அதிகபட்சம் 25. ஒவ்வொரு மடலிலும் கால் பங்குக்குக் குறைவாகப் பாதிப்பு இருந்தாலே மொத்தம் 10 வந்துவிடும். ஆகவே 12 என்பது பாதி அல்ல. பாதித்த இடம் அழிந்துபோனதும் அல்ல, அது அழற்சி. பெரும்பாலானோருக்கு வாரங்களில், சிலருக்கு மாதங்களில் தெளியும்.

ரிப்போர்ட்டில் வரும் 'கிரவுண்ட் கிளாஸ்' என்பது ஆவி படிந்த கண்ணாடி போல மங்கலாகத் தெரியும் இடம். கொரோனாவில் இது பெரும்பாலும் இரு பக்கமும், கீழ்ப்பகுதியில், ஓரங்களில் இருக்கும். ஃப்ளூவிலும், இதயக் கோளாறிலும்கூட இப்படித் தெரியலாம். முதல் ஓரிரு நாட்களில் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

நகையை அடகு வைத்து ஸ்கேன் எடுத்தவர்களையும் பார்த்தோம். மனம் கனத்தது. மூச்சுத்திணறல் இல்லை, ஆக்சிஜன் 94க்குக் குறையவில்லை என்றால், டாக்டர் சொல்லாமல் ஸ்கேன் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, 94க்குக் கீழே இறங்கினாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்கேன் சென்டரில் வரிசையில் நிற்காதீர்கள்.

ஆக்சிமீட்டர் டிரஸ்ட் அலுவலகத்தில் இருக்கிறது. வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தாருங்கள்.