கோமாளி மீனும் கடற்சாமந்தியும்

இந்து மகா சமுத்திரத்திலும் பசிபிக்கின் மேற்குப் பகுதியிலும் உள்ள பவழப் பாறைகளிடையே, தீண்டிய சிறு மீன்களை மரத்துப்போகச் செய்து விழுங்கிவிடும் கடற்சாமந்தியின் விஷக் கைகளுக்கு நடுவிலேயே குடியிருந்து, அங்கேயே ஆகாரம் தேடி, அதன் அடிவாரத்துப் பாறையிலேயே முட்டையிட்டு வாழும் கோமாளி மீனின் விசித்திரம், கத்பெர்ட் காலிங்வுட் என்ற ஆங்கில இயற்கை நூலார் சீனக் கடலில் தாம் கண்டதை 1868-ல் எழுதி வெளியிட்ட நாள் முதல் விஞ்ஞானிகளின் சிந்தையைக் கவர்ந்து வருகிறது. அந்தச் சிநேகத்தை வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலும் காண வேண்டுமென்று ஆசைப்படுபவர்கள் இன்று பலர். ஆசை நியாயமானதே, ஆனால் அது கைகூட வேண்டுமானால், மீனைப் பற்றிய கவலையை ஒத்திவைத்து, அதற்கு வீடாக அமையப்போகும் ஜந்துவின் க்ஷேமத்தை முதலில் கவனிக்க வேண்டும்.

கடற்சாமந்தி பார்வைக்குப் பூவாயினும், ஜெல்லி மீனுக்கும் பவழத்துக்கும் உறவான ஒரு பிராணி. அதன் உடலுக்குள் வசிக்கும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு தயாரிக்கும் உணவே அதற்குப் பெரும்பகுதி ஜீவாதாரம். ஆகையால் பிரகாசமான விளக்கு இன்றியமையாதது. நீரின் உஷ்ணம் 25 முதல் 27 டிகிரி சென்டிகிரேடு வரையிலும், உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராமும் இருக்க, அம்மோனியாவும் நைட்ரைட்டும் அடியோடு இல்லாதிருக்க வேண்டும். புதிதாக நிரப்பிய தொட்டியில் கழிவை மாற்றும் பாக்டீரியாக்கள் நிலைகொண்டு, தொட்டி பக்குவப்படப் பல மாதங்கள் ஆகுமாதலால், அதுவரை கடற்சாமந்தியை வாங்காதிருப்பதே விவேகம். இடம் பிடிக்காவிட்டால் அது ஊர்ந்து செல்லும் சுபாவமுடையது. பம்பின் வாயில் சிக்கிக் கிழிந்து மடிந்தால் தொட்டி முழுவதும் நஞ்சாகிவிடும். எனவே பம்பின் வாயை நுரைப்பஞ்சால் மூடிவைப்பது அவசியம்.

வாங்கும்போது, வாய் இறுக மூடியிருக்கிறதா, கைகள் தொட்டவுடன் ஒட்டிக்கொள்கின்றனவா, அடிப்பாதம் கிழிசலின்றி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பனிபோல் வெளுத்திருப்பதைக் கண்டு மயங்கலாகாது. அந்த வெண்மை அழகன்று, நுண்பாசிகளை இழந்துவிட்ட நோயின் அறிகுறி.

அடுத்தது பொருத்தம். ஆயிரத்துக்கு மேற்பட்ட கடற்சாமந்தி இனங்களில் கோமாளி மீன்களுக்கு இடம் கொடுப்பவை 10 மட்டுமே என்று டாஃப்னி ஃபாட்டினும் ஜெரால்டு ஆலனும் 1992-ல் வெளியிட்ட கையேட்டில் குறித்தனர். கிளார்க் கோமாளி இந்தப் பத்தையும் ஏற்கும். கருஞ்சிவப்புக் கோமாளிக்கோ கடலில் குமிழ்முனைக் கடற்சாமந்தி ஒன்றே புகலிடம். கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் ஆசெல்லாரிஸ் என்னும் ஆரஞ்சு நிறக் கோமாளி கடலில் குமிழ்முனையை நாடுவதில்லையாயினும், தொட்டியில் அதையே பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. வளர்ப்பதற்கும் அது மற்றவற்றைவிட எளிது.

கடற்சாமந்தி ஓரிடத்தில் நிலைத்து, மீனின் உரசலைத் தாங்குமளவு பருத்தபின், மீனுக்கு வழிகாட்டலாம். தினமும் அதனருகிலேயே இரை போடுவதும், மீனைத் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் இட்டுச் சில நாள் அதன் மேற்புறத்தில் மிதக்கவிடுவதும் கையாளத்தக்க உபாயங்கள். வலையால் துரத்தி உள்ளே தள்ளுவது மட்டும் கூடாது. மிரண்ட மீன் மூலையிலே பதுங்கும், கடற்சாமந்தியும் சுருங்கிக்கொள்ளும்.

சேர்க்கை தொடங்கும் வேளையைக் கூர்ந்து கவனிப்பவர் பாக்கியசாலி. மீன் முதலில் வாலின் நுனியை ஒரு கைமீது படவிடும், சுரீரென்று விலகும், மறுபடி வந்து அடித்துடுப்பால் ஸ்பரிசிக்கும், மீண்டும் துள்ளி ஓடும். இவ்வாறு நிமிஷக்கணக்கிலோ மணிக்கணக்கிலோ பழகியபின், தயக்கமெல்லாம் நீங்கிக் கைகளுக்குள் முழுவதுமாகப் புரளும். இப்பழக்கத்தை டேவன்போர்ட், நாரிஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1958-ல் விவரித்து, மீனின் மேனியை மூடிய வழுவழுப்பான படலமே அதன் கவசம் என்று காட்டினார்கள். பலநாள் பிரிந்திருந்த மீன் திரும்பி வந்தால், இந்தப் பயிற்சியைப் புதிதாகத் தொடங்க வேண்டிவரும்.

குடியேறிய மீன், தன் கழிவிலுள்ள அம்மோனியாவால் நுண்பாசிகளை வளர்க்கிறது. கைகளைக் கடித்துத் தின்ன வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களை விரட்டுகிறது. துடுப்பசைவால் நீரைப் புதுப்பிக்கிறது. ஆகவே இது ஒருவரையொருவர் தாங்கும் உறவு.

எவ்வளவு பிரயத்தனப்பட்டாலும் சில மீன்கள் அணுகாமலே இருந்துவிடுவதுண்டு. பண்ணையில் பிறந்து கடற்சாமந்தியையே கண்டறியாதவை மாதக்கணக்கில் யோசிப்பதும் இயல்பே. பகைமீன் இல்லாத தொட்டியில் அவற்றுக்கு அதனால் தீங்கொன்றும் விளையாது. இந்த வளர்ப்புக்காகக் கடலை வறியதாக்கவும் வேண்டியதில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் கோமாளி மீன்களைக் குஞ்சுபொரித்து வளர்க்கும் முறையை நம் நாட்டிலேயே கண்டிருக்கிறது. குமிழ்முனையோ தொட்டியிலேயே இரண்டாகப் பிளந்து பெருகுவது. நெடுங்காலம் வாழவல்ல ஒரு ஜீவனைப் பாறையிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து சில வாரங்களில் சாகவிடுவதைவிட, பண்ணையில் பிறந்த மீனையும் தொட்டியில் பிளந்த கடற்சாமந்தியையும் வாங்கிப் பொறுமையோடு பேணுவதே இந்தக் கலையை விரும்புவோர்க்குத் தகுந்த தர்மமாகும்.