சங்கத்துக்கு வண்டி வாங்குமுன் வெற்றெடையைப் பாருங்கள்

நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், சரக்கை ஏற்றி இறக்கச் சொந்தமாக ஒரு சிறு மோட்டார் வண்டி வேண்டுமென்ற எண்ணம் இன்று அநேகமாக எல்லா நிர்வாகக் குழுக்களிலும் எழுந்திருக்கிறது. நம் ஊர்களில் இவ்வகை வண்டியைக் 'குட்டி யானை' என்பார்கள். 2005-ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் 750 கிலோ சுமை தாங்கும் வண்டியாக வெளிவந்தபோது ஏற்பட்ட பெயர் அது. இன்று எந்தக் கம்பெனியின் சிறு வண்டிக்கும் அதுவே வழங்கி வருகிறது. பெயர் ஒன்றாயிருப்பதாலேயே சுமையும் ஒன்றென்று நினைத்து விடுகிறோம்.

சட்டம் மூன்று எடைகளைத் தொடர்புபடுத்துகிறது. சரக்கும் ஆளும் இல்லாத வண்டியின் எடை வெற்றெடை. சுமையுடன் வண்டி சாலையில் செல்ல அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு மொத்த எடை. இரண்டுக்கும் இடையே எஞ்சுவதே நமக்குரிய பங்கு; கூடவரும் ஆட்களின் எடையும் அதிலேயே அடக்கம். மொத்த எடை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டு விடுவதால், வண்டியில் கூடும் ஒவ்வொரு கிலோவும் நம் மூட்டையிலிருந்து எடுக்கப்படுவதே ஆகும்.

மாருதி சூப்பர் கேரி வண்டியைப் பாருங்கள். பெட்ரோல், எரிவாயு என்னும் இருவகைக்கும் மொத்த எடை 1600 கிலோதான். ஆனால் பெட்ரோல் வண்டி 740 கிலோ ஏற்றும். எரிவாயு வண்டிக்கு 625 கிலோவே அளவு. காற்றழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் வாயுவை அடைத்து வைக்க வேண்டியிருப்பதால், கனத்த உருளையும் அதைத் தாங்கும் சட்டமும் தேவைப்படுகின்றன. வித்தியாசம் 115 கிலோ. 50 கிலோ உரமூட்டையில் இரண்டுக்கு மேல். மின்சார வண்டியில் இது இன்னும் விளக்கமாகத் தெரியும். 2022-இல் வந்த ஏஸ் மின்வண்டியின் மொத்த எடை 1840 கிலோ. சுமையோ 600 கிலோதான். பெரிய வண்டியாயினும் சிறிய சுமை. மின்கலம் தன் பங்கை எடுத்துக்கொண்டது.

இதனால் எரிவாயுவோ மின்சாரமோ கூடாதென்பது என் கருத்தன்று. வாழையிலைக் கட்டு ஏற்றுவோருக்கு எடை மீறுவதற்கு முன்பே தட்டு நிறைந்துவிடும். அவர்கள் எரிபொருள் செலவை மட்டும் பார்த்தால் போதும். நூல் பேல், உரம், மஞ்சள் மூட்டை ஏற்றுவோர் நிலை வேறு.

நான் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சிக்கனம் கருதி எரிவாயு வண்டி வாங்கினார்கள். காரியதரிசியோ பெட்ரோல் வண்டியின் விலைத்தாளைப் பார்த்து, நடைக்கு 14 மூட்டை என்று குறித்துவிட்டார். மழைக்காக இரும்புக் கூண்டு ஒன்றும் பொருத்தினார்கள். வழியில் வண்டியை நிறுத்தி எடை பார்த்தபோது அளவு மீறியிருந்தது. 2019 செப்டம்பர் முதல் அதிகச் சுமைக்கு அபராதம் ரூ. 20,000, அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ. 2,000. அந்தத் தொகையை ஓட்டுநரின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிப்பதென்று குழு தீர்மானம் இயற்றியிருந்தது. அவரோ ஏற்றச் சொன்னதை ஏற்றிச் சென்றவர். மூட்டைக் கணக்கு எழுதியவர் அல்லர்.

தீர்மானப் புத்தகத்தைப் படித்த மறுநாள், தலைவரையும் காரியதரிசியையும் அழைத்துக்கொண்டு காலி வண்டியுடன் எடைமேடைக்குப் போனேன். பதிவுச் சான்றிதழில் கண்ட வெற்றெடையைவிட 90 கிலோ அதிகமாயிருந்தது. கூண்டும், தட்டின் மூலையில் யாரோ போட்டு வைத்த பழைய இரும்புச் சாமான்களுமே காரணம். 625-இல் 90 போனால் 535. பதினான்கு மூட்டை என்பது 700 கிலோ. தலைவர் சீட்டை இரண்டு முறை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் ரத்தாயிற்று. இரண்டு மாதம் பிடித்த தொகையும் ஓட்டுநருக்குத் திருப்பித் தரப்பட்டது. அபராதத்தை யார் ஏற்பதென்பது பற்றிக் குழுவில் விவாதம் இன்னும் தீரவில்லை. வண்டியின் கதவில் மட்டும் இப்போது வெள்ளை வர்ணத்தில் எழுதியிருக்கிறது: 'உரம் 10 மூட்டை, ஆள் ஏறினால் 9.'